முதல் பெரிய வேகப்படகு: நாகையில் வைத்து ஓட்ட 33 அடி எடுக்கலாமா?

கேள்வி, ஜனவரி 9

சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி, சிங்கப்பூரில் வேலை. ஊர் திரும்பும் எண்ணத்தில் இருக்கிறேன். 33 அடி நீளமுள்ள, அடிப்பகுதியில் படி வைத்த வேகப்படகு ஒன்று வளைகுடா நாட்டில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பின்னால் வெளியே மாட்டிய 300 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் (அவுட்போர்டு) இரண்டு, 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகம் போகும் என்கிறார் விற்பவர். நான் இதுவரை 19 அடிப் படகு மட்டுமே ஓட்டியிருக்கிறேன். நாகப்பட்டினத்தில் நிறுத்தி, குடும்பத்தோடு பூம்புகார், காரைக்கால், கோடியக்கரைப் பக்கம் போய்வர விருப்பம். வாங்கலாமா?

பதில், ஜனவரி 9, இரவு

வாங்கலாமா என்பதற்கு முன்னால், அது எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்யுங்கள். நம் கரையில் வேகப்படகை வாங்குவது எளிது, நிறுத்துவதுதான் கடினம்.

ஜனவரி 10

நேற்று எழுதியதை விரிக்கிறேன். நான் வளைகுடாவில் பல ஆண்டுகள் படகுப் பட்டறையில் வேலை செய்தவன். இப்போது நாகையில் ஃபைபர் வேலையும் இன்ஜின் வேலையும் பார்க்கிறேன். அங்கே மிதவை மேடை, மின்இணைப்பு, நன்னீர்க் குழாய், தூக்கி வைக்கக் கிரேன் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். இங்கே கடுவையாற்றின் இரு கரையிலும் நிற்பவை விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும்தாம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஒரு படகின் மேல் இன்னொன்று உரச, வரிசை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அத்தனையும் கரைக்கு வந்துவிட்டால் ஆற்றில் இடைவெளியே தெரியாது. மெருகு குலையாத பளபளப்பான படகை அந்த இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

நம் மீனவர்கள் ஃபைபர் படகைக் கரையில் டிராக்டர் வைத்து இழுத்து ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படகின் அடி தட்டை, எடையும் குறைவு. நான்கைந்து டன் எடையும் கூரிய வி வடிவ அடியும் கொண்ட படகை அப்படி மணலில் இழுத்தால் அடிமுதுகின் வழுவழுப்பான மேற்பூச்சு (ஜெல்கோட்) முழுவதும் உரிந்துவிடும். டிரெய்லரில் ஏற்றலாம் என்றால், சாய்தளமும் அதன் கடைசியில் போதிய ஆழமும் வேண்டும்.

அடுத்தது முகத்துவாரம். பழையாறில் கொள்ளிடம் கடலில் சேரும் இடமானாலும், காரைக்காலில் அரசலாற்று வாயானாலும், மணல்மேடு ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் இடம் மாறுகிறது. போன ஆண்டு ஆழமாக இருந்த வழி இந்த ஆண்டு இருக்காது. உங்கள் படகின் இன்ஜின் கால் கீழே இறங்கியிருக்கும்போது ஏறக்குறைய மூன்றடித் தண்ணீர் கேட்கும். அலை தூக்கிப் போடும்போது அதற்கு மேலும் வேண்டும். எந்த வாயில் வழியாகப் போய்வரப் போகிறீர்களோ, அந்த ஊர் மீனவர் ஒருவரோடு வற்றத்தில் ஒரு முறையும் பெருக்கில் ஒரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விளம்பரத்தைப் படிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஜனவரி 12

60 நாட் என்றால் மணிக்கு 111 கிலோமீட்டர். அந்த வேகம் பந்தயத்துக்குரியது. சோழமண்டலக் கடற்கரையில் குடும்பத்தோடு போகிறவருக்கு அது ஆண்டில் சில காலை நேரங்களில் மட்டுமே கிடைக்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று தரையிலிருந்து அடிப்பதால் விடியற்காலையில் கரையோரம் குளம்போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் நெருக்கமான குட்டை அலைகள் எழும்பிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காலத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியே போகவே வேண்டாம். இடைப்பட்ட நல்ல மாதங்களிலும் பிற்பகலில் நீங்கள் ஓட்டக்கூடியது 22 முதல் 28 நாட் வரைதான். ஆகையால் 25 நாட்டில், எதிரலையில், பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவின் முதுகு வலிக்காமல் போகும் படகு எது என்று தேடுங்கள். உச்ச வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைத் தீர்மானிப்பது அடியின் வி கோணமும் எடையும். 1960இல் மயாமியிலிருந்து நாசாவு வரை நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்து டிக் பெர்ட்ராமுக்குச் சொந்தமாயிருந்த 'மோப்பி' என்ற படகு கொந்தளிப்பான கடலில் வென்றது. அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், மட்டும் கூராக இருந்து பின்னால் தட்டையாகிவிடும் பழைய அமைப்பை விட்டுவிட்டு, படகின் பின்சுவரான பின்பலகை வரைக்கும் ஆழமான வி கோணத்தை ஹன்ட் கொண்டுபோயிருந்தார். அன்றிலிருந்து கடலில் வேகமாகப் போகும் படகுகளுக்கு அதுவே அடிப்படை. பின்பலகையில் 22 முதல் 24 டிகிரி இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு போகும். அதற்கு விலையும் உண்டு: நிறுத்தி வைத்திருக்கும்போது பக்கவாட்டில் அதிகம் ஆடும், எழும்பி ஓடுவதற்கும் கூடுதல் சக்தி கேட்கும். 18, 20 டிகிரிப் படகு நின்றால் ஆடாது, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும்; ஆனால் நம் பிற்பகல் குட்டை அலையில் பலகையில் அடிப்பதுபோல் அடிக்கும். என் தேர்வு 22க்குக் குறையாமல் இருப்பதுதான்.

ஜனவரி 12, இரவு

விட்டுப்போன ஒன்று. சாவிக் கயிற்றை, அதாவது ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை, உடம்பில் மாட்டாமல் இந்தப் படகை ஒரு கஜம்கூட நகர்த்தக் கூடாது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 33 அடிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே திரும்பி வரும்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து விற்பவர் அனுப்பிய விவரத்தைப் பார்த்தேன். 60 நாட் என்பதை அவருடைய எண்களை வைத்தே சோதிக்கலாம். இன்ஜின் சுற்றைப் புரொப்பெல்லரின் பிட்ச் அங்குலத்தால் (வழுக்காமல் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1215ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாதபோது கிடைக்கும் நாட் வேகம் வரும். அவர் கொடுத்தவை 6000 சுற்று, 19 அங்குலப் பிட்ச், 1.75 விகிதம். விடை 53.6. இதில் தண்ணீரில் வழுக்கும் பங்காகப் பத்து விழுக்காட்டைக் கழித்தால் 48 நாட். ஆகவே இந்தப் புரொப்பெல்லரோடு 60 நாட் நடக்காது. 48 நாட் மோசமான வேகமில்லை. ஒரு விவரத்தைக் கூட்டிச் சொன்னவர் வேறு எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்பதுதான் என் கவலை.

இன்ஜின் மணிக்கணக்கை வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டாம். இவ்வகை இன்ஜின்களின் கணினியில், எந்தச் சுற்றில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். அந்த அறிக்கையை அச்சிட்டுக் கேளுங்கள். மொத்த மணிகளைவிட, 5000 சுற்றுக்கு மேல் எவ்வளவு ஓடியது என்ற வரிதான் முக்கியம்.

ஜனவரி 19

அடியில் படி வைத்த அமைப்பைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். படியின் வழியாகக் காற்று அடிக்குள் நுழைவதால் தண்ணீரின் பிடி குறைகிறது. அதே இன்ஜினில் கூடுதல் வேகமும் சிக்கனமும் கிடைக்கின்றன. தெரிந்தவர் கையில் அது அருமையான படகு. ஆனால் வேகத்தில் அணியத்தைத் தாழ்த்திக்கொண்டு சுக்கானைச் சட்டென்று திருப்பினால், பின்பகுதி பிடியை இழந்து படகு சுழன்றுவிடும். உள்ளிருப்பவர்கள் வெளியே எறியப்படுவார்கள். முன்னால் ஒரு மிதவையைக் கண்டவுடன் திருப்புவது எல்லோருக்கும் வரும் அனிச்சைச் செயல். நம் கடலில் வலை மிதவைகள் எங்கும் கிடக்கின்றன. பாதிக்கு மேல் வெறும் தெர்மோகோல் துண்டும் பிளாஸ்டிக் கேனும்தான். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால், முதல் பெரிய படகாகப் படி வைத்த அடி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வலையைப் பற்றி இன்னொரு வார்த்தை. உங்கள் புரொப்பெல்லரில் சிக்கி அறுபடுவது ஒரு குடும்பத்தின் முதலீடு. அப்படி நேர்ந்தால் நின்று, கரைக்கு வந்து, பஞ்சாயத்தாரிடம் நீங்களே போய்ச் சொல்லி ஈடு கொடுங்கள். ஆற்றுக்குள் வரும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலை கட்டியிருக்கும் படகுகளைத் துறையில் மோத வைக்கும்.

ஜனவரி 27

பழைய படகில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்பலகை. இரண்டு 300 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் அரை டன்னுக்கு மேல் எடை அதில் தொங்குகிறது. உந்துவிசையும் அதன் வழியாகத்தான் போகிறது. பல தயாரிப்புகளில் ஃபைபருக்குள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டையின் அடைப்பு ஓரிடத்தில் விட்டுப்போனால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் மரத்தை மக்க வைத்துவிடும்.

வளைகுடாப் பட்டறையில் ஒரு படகு வந்தது. மெருகு கண்ணாடிபோல இருந்தது. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். மேலே 'டக்' 'டக்' என்று கெட்டியாகக் கேட்ட ஒலி, இன்ஜினின் கீழ் போல்ட்டை நெருங்கியதும் 'தொப்' என்று அமுங்கியது. உரிமையாளரின் அனுமதியோடு உள்பக்கமிருந்து ஒரு சிறு துளையிட்டபோது, துரப்பண நுனியில் மரத்தூளுக்குப் பதிலாகக் கறுத்த களி சுற்றிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் வழிந்து ஜெல்கோட்டில் கோடாக இறங்கியது. அந்தப் படகை முந்தைய மாதம்தான் ஒரு தரகர் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்.

இன்ஜினைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து அதன் காலைப் பிடித்து ஒருவர் மேலும் கீழும் அசைக்க, இன்னொருவர் பின்பலகை வளைகிறதா என்று பார்க்க வேண்டும். கியர் எண்ணெயை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அடியில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் வாசனையோடு நீர் வந்தால் ஃபைபருக்குள்ளேயே நீர் ஊறியிருக்கிறது. படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை விற்பவர் அமர்த்த வேண்டாம், உங்கள் செலவில் உங்கள் ஆளை அனுப்புங்கள்.

பிப்ரவரி 3

என் எண்ணத்தை மாற்றிய விஷயம் ஒன்று உண்டு. இதை முதலிலேயே எடைபோட வேண்டும். இன்று நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் பொதுவாக 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. பெரிய அவுட்போர்டு தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டெல்டாவின் ஈரக்காற்றில் வாடைக்காலம் முழுவதும் பாதி நிரம்பிய தொட்டியோடு படகு நின்றால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். இன்ஜின் அதைத்தான் முதலில் உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களும் தாங்காது.

ஒரு வாரத்தில் தீர்க்கும் அளவு மட்டும் நிரப்புவது, 10 மைக்ரான் நீர்ப்பிரிப்பு ஃபில்டரை இடையில் வைத்து அடிக்கடி மாற்றுவது, குழாய்களைப் புதுப்பிப்பது என்று சமாளிக்க வழி உண்டு. ஆனால் கையேட்டுக்கு மாறான எரிபொருள் போட்டிருந்தால் உத்தரவாதமோ காப்பீடோ கேட்கும்போது என்ன பதில் சொல்வீர்கள்? அதனால் டீசலையும் பாருங்கள். துறைமுகத்தில் டீசல் எப்போதும் கிடைக்கும், டீசல் இன்ஜின் தெரிந்த கைகள் அக்கரைப்பேட்டையில் நிறைய உண்டு, தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு.

பிப்ரவரி 4

எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்று காரைக்கால் நண்பர் கேட்டார். இந்த அளவுள்ள இரட்டை பெட்ரோல் இன்ஜின் படகு, 25 நாட்டில் ஒரு கடல் மைலுக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் குடிக்கும். நாகையிலிருந்து பூம்புகார் ஏறக்குறைய 23 கடல் மைல். போய்வர 46, மூன்றரை லிட்டர் வீதம் 161 லிட்டர். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பது கடலில் பழைய விதி. அப்படியானால் கிளம்பும்போது தொட்டியில் 240 லிட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். படகை வீட்டில் எல்லோரும் சேர்ந்து விரும்பினால்தான் அது நிலைக்கும்.

பிப்ரவரி 11

விலையைப் பற்றி. இன்பப் பயணப் படகுகள், யாட்டுகள் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 40 விழுக்காடாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் சுங்க வரியும் கப்பல் கூலியும் அதற்கு முன்னாலேயே சேரும். வளைகுடா விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ வேண்டாம். நாட்டுக்குள் ஏற்கெனவே வரி கட்டிப் பதிவான படகு, அது கொச்சியிலோ மும்பையிலோ கோவாவிலோ இருந்தாலும், மொத்தக் கணக்கில் மலிவாகவே முடியும்.

பதிவு விஷயத்தில் மீன்வளத் துறையில் பதியும் முறை மீன்பிடிப் படகுகளுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ஆறு, காயல் போன்ற உள்நாட்டு நீரில் ஓட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம். கடலுக்குப் போகும் படகு வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் வரும், அதற்குச் சென்னையில் வணிகக் கடல்துறை அலுவலகம் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கே ஒரு நாள் போய் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22

கோடியக்கரைப் பயணம் குறித்து. அங்கிருந்து 25 நாட்டில் ஒரு மணி நேரம்கூட ஓடாமல் சர்வதேச எல்லைக் கோட்டைத் தொட்டுவிடலாம். இந்தக் கரையில் வேகப்படகு என்றாலே கடலோரக் காவல்துறையும் கடலோரக் காவல்படையும் கவனிக்கும். கவனிக்க வேண்டியதும் அவர்கள் கடமை. கடல் வரைபடத்தில் படகின் இடம் காட்டும் சார்ட்பிளாட்டரில் எல்லைக் கோட்டுக்கு வெகு முன்பாகவே எச்சரிக்கை ஒலி வைத்துக்கொள்ளுங்கள். விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. கிளம்புமுன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற அதிவேகப் பயணிக் கப்பல் விடப்பட்டது. சுமார் 60 கடல் மைல் வழி. பயிற்சி பெற்ற மாலுமிகளோடு ஓடிய அந்தக் கப்பலையே வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிறுத்தினார்கள். உங்கள் 33 அடி அதைவிடச் சிறியது.

மார்ச் 8

கேள்வி கேட்ட நண்பர் வளைகுடாப் படகைக் கைவிட்டு, கொச்சியில் உள்ள 29 அடிப் படகு ஒன்றின் விவரம் அனுப்பியிருக்கிறார். படி இல்லாத அடி, 22 டிகிரி, ஒற்றை டீசல் இன்ஜின், ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்குள்ளே, உந்தும் கால் பின்பலகைக்கு வெளியே). என் கருத்துகள் பெரும்பாலும் இதற்குச் சாதகமாகவே விழுகின்றன. இரண்டு மட்டும் இடிக்கின்றன.

ஒற்றை இன்ஜின் நின்றால் கடலில் வேறு துணை இல்லை. ஒரு சிறிய அவுட்போர்டைப் பின்னால் மாட்டினால் 5 நாட்டில் கரை சேரலாம். அதை ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை கிளப்பிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, ஜனவரி 10இல் எழுதிய நிறுத்துமிடத்தோடு சேர்ந்தது. அவுட்போர்டை முழுதாகத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம். ஸ்டெர்ன்டிரைவின் கால் எவ்வளவு தூக்கினாலும் பாதி தண்ணீருக்குள்தான் இருக்கும். நம் ஆற்றுவாயில் அப்படி விட்டால் சில வாரங்களில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிரி) அப்பிக்கொள்ளும், குளிர்நீர் உறிஞ்சும் துளைகள் அடைபடும். கால் பின்பலகையைத் துளைக்கும் இடத்தை மூடும் ரப்பர் மடிப்புறை (பெல்லோஸ்) கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். எனவே டிரெய்லரில் ஏற்றி வைக்க முடிந்தால் மட்டுமே இந்தப் படகு சரி. முடியாதென்றால், நான் பிப்ரவரி 3இல் எழுதியதற்கு மாறாக, அதே அளவில் இரட்டை அவுட்போர்டு படகை எடுத்து எத்தனால் தொல்லையைச் சமாளிப்பதே மேல். நிறுத்துமிடம் இன்ஜினைத் தீர்மானிக்கிறது என்று இப்போது இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்.

அரிப்பைத் தடுக்க மாட்டும் உலோகக் கட்டியும் இதில் சேரும். கடலுக்குத் துத்தநாகம் போதும். ஆற்றுவாயில் மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உப்புநீரும் மாறி மாறி வருவதால் அலுமினியக் கட்டி போடுங்கள். துத்தநாகம் நன்னீரில் மேற்பூச்சு பிடித்துச் செயலிழந்துவிடும். வெள்ளக் காலத்தில் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக இறங்கி வந்து குளிர்நீர்த் துளையை அடைப்பதும் உண்டு; வெப்பமானியில் கண் இருக்கட்டும்.

மார்ச் 21

திருத்துறைப்பூண்டிக்கு அருகிலேயே கொட்டகையும், ஏற்றி இறக்கச் சாய்தளமும் ஏற்பாடாகிவிட்டதாக எழுதியிருக்கிறார். அப்படியானால் டீசல் படகுக்கே போகலாம். வெள்ளோட்டத்துக்குக் கொச்சி போகும்போது செய்ய வேண்டியவை இவை.

இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது போய்ச் சேருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்நிலையில் கிளம்பும்போது வரும் புகையின் நிறத்தையும் அது எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதையும் பாருங்கள். தொட்டி முக்கால், ஆறு பேர் ஏறிய நிலையில் ஓட்டுங்கள். ஆளில்லாத படகின் ஓட்டம் உங்களுக்கு எதையும் சொல்லாது. முழு திராட்டிலில் இன்ஜின் கையேடு சொல்லும் சுற்று வரம்பை எட்டுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம், அல்லது அடியில் அழுக்கு, அல்லது இன்ஜினில் குறை. பிட்ச் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும்.

பிறகு அழிமுகத்துக்கு வெளியே, அலை இருக்கும் பக்கமாக, 25 நாட்டில் அரை மணி நேரம் போங்கள். எதிரலை, பக்க அலை, பின் அலை மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். பின் அலையில் அணியம் குத்திக்கொண்டு படகு பக்கவாட்டில் திரும்பப் பார்த்தால், டிரிம்மை (இன்ஜின் காலின் சாய்வை) உயர்த்தி அணியத்தைத் தூக்கும்போது அடங்குகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் தரைப்பலகையைத் திறந்து அடிநீரைப் பாருங்கள். கிளம்பும்போது காய்ந்திருந்த இடம் அப்போதும் காய்ந்திருக்க வேண்டும். சர்வேயரின் அறிக்கை கையில் வரும் வரை முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையோடு மட்டும் கொடுங்கள். அறிக்கை வந்ததும் பின்பலகை பற்றிய பக்கத்தை இங்கே பதியுங்கள், சேர்ந்து படிப்போம்.